நாய்க்கடிக் கதையில் வெட்டிய பகுதி

"நீங்க சொன்ன பஸ்ஸு எங்க ஊருக்கு வரலையே டீச்சர்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று இப்படிச் சொன்னாள். கறம்பக்குடிப் பக்கத்தில் ஒரு கிராமம். மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் தகரக் கொட்டகை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். கூரையின் சூடு உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ பலாப்பழம் அறுத்திருக்க வேண்டும், அந்த வாசனை கொட்டகை முழுக்க நின்றது.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கிருக்கும் சுகாதார நிலையத்தின் பெயரையும் எழுதியதாகிவிடும்.

நான் அப்போதுதான் வெறிநாய்க்கடிக் கதையைச் சொல்லி முடித்திருந்தேன். நாய் கடித்த இடத்தில் இறங்கும் வைரஸ் ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கிப் போகிறது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். இதைத்தான் நான் கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு நடந்தே போகும் ஒரு திருடனின் கதையாக்கி வைத்திருந்தேன். யார் கண்ணிலும் படாமல் வரப்போரமாக நடக்கிறான். நாம் உடனே ஊசி போட்டுக்கொண்டால், அவன் முகம் எப்படி இருக்கும் என்று நம் உடம்பின் காவலாளிகளுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் பஸ் ஏறி அவனுக்கு முன்னால் போய் நின்றுகொள்வார்கள். அவன் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு எந்த பஸ்ஸும் உதவாது.

எல்லா ஊரிலும் கைதட்டு வாங்கிய கதை. "அலட்சியமாக இருக்காதீர்கள்" என்று முடிப்பேன்.

அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு நாலைந்து பேர் சிரித்தார்கள். டவுன் பஸ் சரியாக வராததைச் சொல்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"ஊசியச் சொல்றேன் டீச்சர்," என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவள் அவள் சேலையைப் பிடித்து, "செல்வராணி, ஒக்காருடி," என்று இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

நான் ஏன் அங்கே போனேன்

நான் ஆவூர்க்காரி. புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வைரஸ் பாடம் வந்தால் வருடா வருடம் ஒரு தகராறு வரும். உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடைப்பட்டது என்று புத்தகம் சொல்லும். ஒரு வருடம் ஒருத்தி எழுந்து, "டீச்சர், ஒரு மார்க் கேள்வில வந்தா எதை டிக் பண்றது?" என்றாள். வகுப்பே சிரித்தது.

சாக்பீஸை வைத்துவிட்டு ஒரு கதை சொன்னேன். சொந்த வீடில்லாத, அடுப்பில்லாத ஒருத்தி. வாசலில் கிடக்கும்வரை வெறும் தூசி. கதவு திறந்திருந்தால் உள்ளே போய், அந்த வீட்டு அடுப்பில், அந்த வீட்டு அரிசியில், தன்னைப் போலவே நூறு பேரைச் சமைத்து எடுத்துவிடுவாள். அந்த வகுப்பில் படித்தவர்கள் இப்போதும் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் அதைத்தான் சொல்கிறார்கள். தேர்வுக்கு உதவிய பாடம் எதுவும் அவர்களுக்கு நினைவில் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு கொரோனா வந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக விட்டார்கள். தெளிவான குரல் என்று என்னைப் பிடித்துப் பதிவு செய்தார்கள். எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். "வெளியே வராதீர்கள். உங்கள் அலட்சியம் உங்கள் குடும்பத்தை அழிக்கும்."

ஒருநாள் மருந்து வாங்கப் போனபோது கீழ ராஜ வீதியில் என் குரல் எனக்கு எதிரே வந்தது. கூடையில் கத்தரிக்காய் வைத்து விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஆட்டோவைப் பார்த்து, "இவளுக்கென்ன, வீட்டுக்குள்ள ஒக்காந்துக்கிட்டுப் பேசுறா. நான் வெளிய வராம எதத் தின்கிறது?" என்றார். முகக்கவசம் போட்டிருந்தேன், என்னை யாருக்கும் தெரியவில்லை. நான் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி ஒலிபெருக்கி வேண்டாம், கேட்பவர்கள் திருப்பிக் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் சரி என்று எனக்குப் பட்டது. அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் கூப்பிட்டது. அதன் ஒருங்கிணைப்பாளர் பிரபாகர், படித்த, பணிவான இளைஞர். வண்டி ஏற்பாடு அவர்களுடையது, கதை என்னுடையது. மஞ்சள் காமாலை, டெங்கு, நாய்க்கடி என்று நோய்க்கொரு கதை செய்துகொண்டு கிளம்பினேன்.

திருப்பிக் கேட்கட்டும் என்றுதானே போனேன். செல்வராணி கேட்டாள்.

முருகேசன்

கூட்டம் கலைந்த பிறகு அவளோடு கொட்டகை நிழலில் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஒன்றுமில்லை. அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"எங்க வீட்டுக்காரரு முருகேசன் குவைத்துல டிரைவரு. லீவுல வந்திருந்தாரு. டீக்கடை வாசல்ல ஒரு நாய்க்குட்டி படுத்திருந்துச்சு. பிஸ்கட்டுப் போட்டாரு, கையக் கவ்விருச்சு. வீட்டுக்கு வந்ததும் கொழாயத் தெறந்துவிட்டு சோப்புப் போட்டு ரொம்ப நேரம் கழுவுனோம். நீங்க சொன்ன மாதிரியேதான். அங்க கம்பெனியில அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாரு. மருந்து ஸ்டாக் இல்ல, திங்கக்கெழமை வாங்கன்னாங்க. திங்கக்கெழமை போனாரு. வரலைன்னாங்க. வேற எங்கிட்டாவது போகணுமான்னு கேட்டிருக்காரு. சின்னக் கீறல்தானே, குட்டிதானே, வந்ததும் போன் பண்றோம்னு நம்பர வாங்கிக்கிட்டாங்க. போன் வரல. இவரா இன்னொரு தடவ போனாரு. அப்பவும் இல்ல. நான் புதுக்கோட்டைக்குப் போவோமான்னு கேட்டேன். அவசரம்னா அவங்களே சொல்லியிருப்பாங்கள்லன்னுட்டாரு. அதுக்குள்ள புண்ணும் ஆறிப்போச்சு."

அவள் குரல் தடுமாறவே இல்லை. பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்த பேச்சு அது.

"திரும்பிப் போக டிக்கெட் போட்டாச்சு. கை மதமதன்னு இருக்குன்னாரு. மறுநாள் தாகமா இருக்குங்குறாரு, சொம்ப வாய்க்கிட்டக் கொண்டுபோனா தூக்கிப் போடுது. ஃபேன் காத்துப் பட்டாத் துடிக்கிறாரு. எம் மக காவ்யா ஃபேன நிறுத்திட்டு, அப்பா மேல மூச்சுக் காத்துகூடப் படக்கூடாதுன்னு செவத்தோரமாப் போயி ஒக்காந்துக்கிட்டா. பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்ததுமே தலையக் குனிஞ்சுக்கிட்டாரு."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து முடிந்துகொண்டு எழுந்தாள்.

"நாங்க அலட்சியமா இல்ல டீச்சர். அத மட்டும் சொல்லத்தான் எந்திரிச்சேன்."

என் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. நா வறண்டிருந்தும் அவள் முன்னால் அதை எடுத்துக் குடிக்க முடியவில்லை.

இரண்டு பேரின் கதை

மறுவாரம் அவளே போன் செய்தாள். "நீங்க போற எடத்துக்கு நானும் வாரேன். நீங்க கதையச் சொல்லுங்க. நான் நடந்ததச் சொல்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் திருடனையும் பஸ்ஸையும் சொல்வேன். சிரிப்பார்கள். பிறகு செல்வராணி எழுந்து நிற்பாள். அழ மாட்டாள், கையை ஆட்ட மாட்டாள். கழுவியது, போனது, இல்லை என்றது, மறுபடி போனது, சொம்பு, ஃபேன். கடைசியில், "ஒரு எடத்துல மருந்து இல்லைன்னா அங்கேயே நின்னுராதீங்க. அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்க இருக்குன்னு சத்தம் போட்டுக் கேளுங்க. ஒரு ஊசியோட விடாதீங்க, சொன்ன தேதிக்கெல்லாம் போயி எல்லா ஊசியும் போட்டுக்கங்க," என்பாள். என் கதை அதுவரை சொல்லாத ஒன்று அதில் இருந்தது. ஊசி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று என் கதையில் வரவே இல்லை.

ஆவூரில் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் பேசினோம். முடிந்ததும் ஒரு சம்சாரி கூச்சத்தோடு வேட்டியை ஒதுக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். இரண்டு நாளைக்கு முந்திய பல் தடம், மேலே மஞ்சள் அப்பியிருந்தது. "இதுக்கும் போடணுமாங்க?" என்றார். அவரை எங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பறந்தோம். ஊசி கிடைத்தது. திரும்பும் வழியில் செல்வராணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நான் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

பிரபாகரின் சின்ன எடிட்

பிரபாகர் ஒரு கூட்டத்துக்கு வந்து கேட்டார். முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கு மேடம். ஒரே ஒரு சின்ன எடிட் பண்ணிக்கலாம்."

முருகேசன் மருந்துக்காக அலைந்த நாட்களில், மூன்றாவது தடவையும் மருந்து இல்லாமல் திரும்பிய பிறகு, அவர் தாயார் பக்கத்து ஊர் வைத்தியரிடம் ஒரு வேர் வாங்கி வந்து மணிக்கட்டில் கட்டிவிட்டிருந்தார். செல்வராணி அதையும் மறைக்காமல் சொல்வாள். பிரபாகர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனதை விட்டுட்டு, வேர் கட்டினதில இருந்து ஆரம்பிக்கலாம்."

"நடந்தது அப்படி இல்லையே தம்பி."

"வேர் கட்டினது நடந்ததுதானே மேடம்? பொய் சொல்லச் சொல்லலையே." அவர் குரலில் கபடம் இல்லை. "மருந்து இல்லைன்னு மேடையில சொன்னா ஜனங்க ஆஸ்பத்திரிக்கே வர மாட்டாங்க. நாம நம்பிக்கையைத்தானே வளர்க்கணும்?"

அந்த வாதம் முழு முட்டாள்தனம் என்று தள்ள முடியாததுதான் எரிச்சல். ஒரு நோயைப் பற்றிப் பேசும்போது பயத்தைக் கிளப்பக் கூடாது என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் செல்வராணியின் பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தவர் எவரையும் நான் பார்க்கவில்லை. கெண்டைக்காலைக் காட்டியவரைத்தான் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே டீக்குப் பணம் கொடுத்தார்.

செல்வராணியிடம் நானே கேட்டேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

"வேரு கட்டுனது எங்க மாமியா. மருந்து இல்லைன்னு மகன் திரும்பி வந்த பொறவு, பெத்தவ என்னதான் செய்வா? அத முன்னாடி வச்சா, அவங்களே மகனக் கொன்ன மாதிரில்ல ஆகிப்போகும்? நான் அந்த வீட்டுலதான் டீச்சர் இருக்கேன். அவங்களுக்குச் சோறு போட்டுட்டுத்தான் இங்க வாரேன்."

எடிட் நடக்கவில்லை. கிராமங்களில் நாங்கள் முழுவதையும்தான் சொன்னோம். பிரபாகரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

சால்வைகள்

பிறகு புதுக்கோட்டையில் ஒரு பெரிய விழா வந்தது. மேடை நிறைய அதிகாரிகள். கீழே கிராமத்துச் செவிலியர்கள், கல்லூரிப் பிள்ளைகள். இருக்கைதோறும் இனிப்பும் மிக்சரும் போட்ட அட்டைப்பெட்டி. பிரபாகர் செல்வராணிக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார். வேர், மூடநம்பிக்கை, மரணம், வேண்டுகோள். அவ்வளவுதான் அதில்.

ஆட்டோவில் போகும்போது கேட்டாள். "முழுசாச் சொன்னா ஒங்களுக்கு எடைஞ்சல் வருமா டீச்சர்?"

"வரும்."

"சொல்லட்டுமா?"

"சொல்லு."

சால்வை போர்த்தும் படலம் நீண்டுகொண்டே போனது. செல்வராணிக்கும் ஒன்று போர்த்தினார்கள். அதை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மைக்கின் முன்னால் வந்தாள். தாளை விரிக்கவில்லை. கொட்டகையில் எப்படிச் சொன்னாளோ அப்படியே சொன்னாள். சோப்புப் போட்டுக் கழுவியது, முதல் தடவை, இரண்டாம் தடவை, போன் நம்பர், மூன்றாம் தடவை.

மேடையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் காதில் குனிந்தார். பிரபாகர் ஓரமாக நின்று தொகுப்பாளினிக்குச் சைகை காட்டினார். அந்தப் பெண் வந்து, "நேரம் கருதி..." என்று ஆரம்பித்தாள்.

அப்போது கீழே ஒரு செவிலியர் எழுந்தார். செல்வராணியின் ஊர் சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோபத்தில் அவர் குரல் உடைந்திருந்தது.

"எங்களக் குத்தம் சொல்லாதீங்க. மருந்து வேணும்னு நாங்க கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். அனுப்பாத மருந்த நாங்க எங்கிட்டு இருந்து கொண்டுவந்து போடுறது?"

தொகுப்பாளினி கையில் மைக்கோடு நின்றாள். செல்வராணி அந்தச் செவிலியரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஒங்களச் சொல்லல சிஸ்டர். நடந்ததச் சொன்னேன்."

மேடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நன்றியுரை தொடங்கிவிட்டது. வருகை தந்து சிறப்பித்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்கள். செல்வராணியின் பெயர் விட்டுப்போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தவை

கொஞ்ச நாளில் அந்த ஊர் சுகாதார நிலையத்துக்கு நாய்க்கடி மருந்து வந்துவிட்டது. குளிர்பெட்டியில் எப்போதும் இருக்கிறது என்று செல்வராணி போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்தச் செவிலியரை மாவட்டத்தின் இன்னொரு கோடிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போகிறாராம். செல்வராணி அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். "நீ என்னம்மா பண்ணுவ, நான்தானே எந்திரிச்சேன்," என்று அவர் காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

எங்கள் கதை சொல்லும் பயணம் "மறுபரிசீலனையில்" இருப்பதாக பிரபாகர் செய்தி அனுப்பினார். அப்புறம் அவர் போனை எடுக்கவில்லை. நான் சில ஊர்களுக்குச் சொந்தமாகப் போய்வந்தேன். முழங்கால் வலி வந்து அதுவும் குறைந்தது.

பிறகு ஒரு குறும்படம் வந்தது. யாரோ என் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். என் திருடனும் பஸ்ஸும் கார்ட்டூனாக வருகிறார்கள். யாரோ ஒருவரின் இனிமையான குரல். நடுவில் குமார் என்று ஒருவன். நாய் கடிக்கிறது. கழுவுவதில்லை. நேரே வேர் கட்டுகிறவரிடம் போகிறான். பளிச்சென்ற ஓர் ஆஸ்பத்திரியில் சிரித்த முகத்தோடு ஒரு நர்ஸ் ஊசியோடு காத்திருக்கிறாள், அவன்தான் வரவில்லை. கடைசியில் தலைவாரிப் பூ வைக்காத ஒரு நடிகை கேமராவைப் பார்த்துச் சொல்கிறாள்: "என் கணவரின் அலட்சியம் என்னை விதவையாக்கியது."

அதில் வைரஸைப் பற்றிச் சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை. நரம்பு, மூளை, தடுப்பூசி, தவணைகள், எல்லாம் சரி. விலங்கியல் ஆசிரியை என்ற முறையில் நான் ஒரு திருத்தமும் சொல்ல முடியாது.

செல்வராணிக்கு அதை நான் அனுப்பவில்லை. பார்க்காமல் இருந்துவிடுவாள் என்று நம்பினேன்.

சென்ற மாதம் ஒரு மாலையில் அவளிடமிருந்து போன். காவ்யா இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, அறிவியல் தேர்வில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார்கள். குமார் செய்த தவறுகள் இரண்டினை எழுதுக.

காவ்யா எழுதியது: "அவர் தவறு எதுவும் செய்யவில்லை."

அதன்மேல் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

"மார்க்கு போனாப் போகுது டீச்சர்," என்றாள் செல்வராணி. "பரீட்சைப் பேப்பரக் கொண்டாந்து சாமி படத்துக்குக் கீழ வச்சிட்டு, சாப்பிடாம படுத்திருக்கா. நான் சொன்னா, அம்மா சமாதானத்துக்குச் சொல்றான்னு நெனைக்கிறா. நீங்க சயின்ஸ் டீச்சர். ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லுங்க."

போன் கை மாறியது. அந்தப் பிள்ளையின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"நீ எழுதினதுதான்ம்மா சரி," என்றேன்.

"அப்ப எங்க மிஸ் போட்டது தப்பா டீச்சர்?"

ஆயுசு முழுக்க விடைத்தாள் திருத்தியவள் நான். இன்னொரு ஆசிரியை திருத்தியதைத் தப்பு என்று ஒரு பிள்ளையிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஆமா. தப்பு."

"அத மிஸ்கிட்ட யாரு சொல்லுவா?"

"நான் வாரேன். நான் சொல்றேன்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். அந்த ஆசிரியை சின்னப் பெண், நல்ல பெண். நான் சொன்னதையெல்லாம் உட்காரவைத்துக் கேட்டாள். கண் கலங்கினாள். காவ்யாவைக் கூப்பிட்டு அணைத்துக்கொண்டாள்.

மதிப்பெண் மட்டும் போடவில்லை. மேலிருந்து வந்த விடைக்குறிப்பில் அப்படி ஒரு பதில் இல்லையாம்.